வாய்ப்பூஞ்சைக்குத் தாவரப் பொருட்கள் மருந்தாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாக்கில் வெள்ளை படிந்து, எரிச்சலோடு வருகிறவர்களில் நிறையப் பேர் ஏற்கெனவே எதையாவது தடவிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். கிராம்பு எண்ணெய், பூண்டு, மஞ்சள், டீ ட்ரீ எண்ணெய் என்று பட்டியல் நீளும். நான் பல் மருத்துவர். படிக்கிற காலத்தில் இதே எண்ணெய்களைப் பூஞ்சையின் மேல் சோதிக்கும் ஆய்வகத்தில் கொஞ்ச நாள் வேலையும் பார்த்தேன். அதனால் இந்தக் கேள்விகளைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வராது. திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

நாக்கு வெள்ளையாக இருந்தாலே வாய்ப்பூஞ்சையா?

இல்லை. பெரும்பாலும் அது நாக்கில் சேரும் சாதாரண அழுக்குதான். வாய்ப்பூஞ்சையில் வெள்ளைப் படலம் தயிர் ஆடை மாதிரி கன்னத்தின் உட்புறம், அண்ணம், நாக்கு எனத் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். துணியைச் சுற்றிய விரலால் மெதுவாகத் துடைத்தால் பெயர்ந்து வரும், அடியில் சிவந்து, சில சமயம் இரத்தம் கசியும். ஆனால் வெள்ளையே இல்லாமல் வெறும் சிவப்பாகவும் வரும், பல் செட் போட்டிருப்பவர்களின் அண்ணத்தில் செட்டின் அச்சு அப்படியே சிவந்திருக்கும். உதட்டோரம் வெடிப்பதும் இதன் ஒரு வடிவம்தான்.

துடைத்தால் வராத வெள்ளைத் திட்டு என்றால் அது வேறு கதை. அதற்கு எந்த எண்ணெயும் தடவிக்கொண்டிருக்க வேண்டாம், நேராகக் காட்டுங்கள். புற்றுநோயாக மாறக்கூடிய திட்டுகளும் அப்படித்தான் இருக்கும், சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும்.

எனக்கு ஏன் வந்தது? வாயைச் சுத்தமாகத்தானே வைத்திருக்கிறேன்?

கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற இந்த ஈஸ்ட் வகைப் பூஞ்சை வெளியிலிருந்து வந்து தாக்குகிற எதிரி இல்லை. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே பாதிப் பேர் வரைக்கும் வாயில் அதைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள், அது ஒன்றும் செய்வதில்லை. உடம்பின் காவல் தளரும்போது பெருகிவிடுகிறது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதது, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, ஆன்டிபயாடிக் மாத்திரைகள், வாய் வறட்சி, இரவிலும் கழற்றாத பல் செட், புற்றுநோய்ச் சிகிச்சை, எச்ஐவி, புகைப்பழக்கம் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். கைக்குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் வேறு காரணமே இல்லாமலும் வரும்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டுப் பூஞ்சையை மட்டும் கொன்றால், அது மருந்துக்கடை மருந்தானாலும் செடியிலிருந்து எடுத்ததானாலும், சில வாரத்தில் திரும்ப வந்து நிற்கும்.

சரி, தாவரப் பொருட்கள் பூஞ்சையை உண்மையிலேயே கொல்கின்றனவா?

கொல்கின்றன. இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன். வட்டத் தட்டில் ஊட்டக்கூழ் ஊற்றி, அதன் மேல் கேண்டிடாவைப் பரப்பி, நடுவில் எண்ணெய் தொட்ட சின்னக் காகித வில்லையை வைத்து, 37 டிகிரி பெட்டியில் ஒரு நாள் விட்டால், மறுநாள் காலை தட்டு முழுக்க வெண்ணெய் பூசியது போல ஈஸ்ட் வளர்ந்திருக்கும், வில்லையைச் சுற்றி மட்டும் ஒரு வெற்று வட்டம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். தைமால் வைத்த தட்டுகள் இருக்கும் நாளில் பெட்டிக் கதவைத் திறந்ததுமே ஓம வாசனை முகத்தில் அடிக்கும். ஓமத்தை உள்ளங்கையில் கசக்கினால் வருகிற அந்தக் காரமான வாசனையே தைமால்தான்.

இன்னும் சில பெயர்கள் தெரிந்திருப்பது நல்லது. கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால். ஆரிகானோவில் கார்வக்ரால், லவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடு, எலுமிச்சைப் புல்லில் சிட்ரால், டீ ட்ரீ எண்ணெயில் டெர்பினென்-4-ஆல். மாதுளைத் தோலின் துவர்ப்பிலும் மஞ்சளின் குர்குமினிலும் மரமஞ்சளின் பெர்பெரினிலும் இந்தக் குணம் இருக்கிறது. செடிக்கும் பூஞ்சைதான் பெரிய எதிரி என்பதால், இந்தப் பொருட்களில் பலவற்றை அது தன்னைக் காத்துக்கொள்ளவே உண்டாக்குகிறது.

எப்படிக் கொல்கின்றன?

பூஞ்சையின் செல்லும் நம் செல்லும் உறவுக்காரர்கள். பாக்டீரியாவைக் கொல்வதைவிடப் பூஞ்சையைக் கொல்வது கடினமாக இருப்பதற்கு இதுதான் காரணம், எதைக் குறிவைத்தாலும் அது நம்மிடமும் இருக்கும். பெரிய வித்தியாசங்களில் ஒன்று செல் சவ்வு. நம்முடையதில் கொழுப்பு கொலஸ்ட்ரால், அதனுடையதில் எர்கோஸ்டெரால். மருந்துகள் அந்த இடைவெளியைத்தான் பயன்படுத்துகின்றன: ஃப்ளூகோனசோல் எர்கோஸ்டெரால் தயாரிப்பை நிறுத்துகிறது, நிஸ்டாடின் எர்கோஸ்டெராலைப் பிடித்துக்கொண்டு சவ்வைக் கெடுக்கிறது.

யூஜினால், தைமால், கார்வக்ரால் எல்லாம் எண்ணெயில் கரையும் சின்ன மூலக்கூறுகள். நேராகச் சவ்வுக்குள் புகுந்து அதைத் தளர்த்திவிடுகின்றன, உள்ளிருக்கும் உப்புகள் வெளியே ஒழுகி செல் செத்துப்போகிறது. வேகமான வேலைதான். ஆனால் சவ்வுக்குள் புகுவதற்கு அவை ஆள் பார்ப்பதில்லை. நம் கன்னத்தின் உட்தோலுக்கும் சவ்வு இருக்கிறது. கிராம்பு எண்ணெய் பட்ட இடம் ஏன் எரிகிறது, ஏன் மரத்துப்போகிறது என்று யோசித்தால் விஷயம் புரியும்.

இன்னொரு வழி எனக்கு இதைவிடப் பிடித்தது. கேண்டிடா உருண்டையாக இருக்கும் வரை பெரிய தொல்லை இல்லை. அது நூல் மாதிரி நீண்டு திசுவுக்குள் துளைக்கும்போதுதான் நோய். ஒரு சொட்டு இரத்தச் சீரத்தில் கேண்டிடாவைக் கலந்து உடல் சூட்டில் வைத்து இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பாருங்கள், உருண்டைகளிலிருந்து வால் முளைத்திருக்கும். அந்த நூல்கள்தான் கேண்டிடாலைசின் என்ற நச்சைக் கக்கி நம் செல்களை ஓட்டை போடுகின்றன, 2016இல்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. பல தாவரப் பொருட்கள், கொல்லும் அளவைவிடக் குறைந்த அளவிலேயே, வால் முளைப்பதைத் தடுத்துவிடுகின்றன. பல செடிகளின் நறுமண எண்ணெயில் இருக்கும் ஃபார்னெசால் இன்னும் விசேஷம்: கூட்டம் நெருங்கும்போது தன் வளர்ச்சியை உருண்டையாகவே நிறுத்திக்கொள்ள கேண்டிடாவே அதைச் சுரக்கிறது, 2001இல் இது தெரியவந்தது. கொல்லாமலே அடக்கி வைப்பது என்ற இந்தப் பாதையில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இவ்வளவு நன்றாக வேலை செய்தால் ஏன் இன்னும் மருந்தாக வரவில்லை?

தட்டு வேறு, வாய் வேறு. இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள்.

முதலில் அளவு. ஒரு மி.லி.க்கு 2 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் குறைவான ஃப்ளூகோனசோலில் அடங்கினால்தான் கேண்டிடா அல்பிகன்ஸை மருந்துக்குக் கட்டுப்படுகிற ரகம் என்று ஆய்வகம் எழுதும். தைமால், யூஜினால் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் நூறிலிருந்து பல நூறு மைக்ரோகிராம் வரை வேண்டியிருக்கிறது. அடுத்து, வாயில் எந்த நேரத்திலும் இருப்பது சுமார் 1 மி.லி. உமிழ்நீர். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை புதிதாகச் சுரந்து எல்லாவற்றையும் தொண்டைக்குள் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தட்டில் 24 மணி நேரம் பூஞ்சையோடு ஒட்டிக் கிடந்த பொருள், வாயில் சில நிமிடத்தில் கரைந்து காணாமல் போகும். உமிழ்நீரில் இருக்கும் புரதங்கள் வேறு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, வாயில் கேண்டிடா தனியாக மிதப்பதில்லை. பாக்டீரியாவோடு சேர்ந்து வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு மேலே போர்வை போட்டுக்கொள்கிறது. தனியாக மிதக்கும்போது சாகிற அளவு அந்தப் படலத்துக்குப் போதவே போதாது, நல்ல மருந்துகளே அங்கே திணறுகின்றன. அப்புறம் செடியின் குணம். ஒரே செடியில் ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் எண்ணெயின் கலவை மாறும். ஒரு புட்டியில் யூஜினால் எவ்வளவு என்று தெரியாமல் எவ்வளவு நேரம், எத்தனை முறை என்று எப்படிச் சொல்வது?

இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: நிஸ்டாடின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்து 1950இல் அறிவித்தார்கள், வேலை பார்த்த நியூயார்க் மாநிலத்தின் பெயரையே வைத்தார்கள். அதனால் இயற்கையிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்லவில்லை. அண்டெசிலினிக் அமிலம் என்று ஒன்று, ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்வது, கால்விரல் இடுக்குப் பூஞ்சைக்கு நெடுங்காலமாகப் பூசும் மருந்தாக இருக்கிறது. வழி இருக்கிறது, வாய்க்கு இன்னும் அந்த வேலை முடியவில்லை.

மனிதர்களிடம் சோதித்ததே இல்லையா?

சோதித்திருக்கிறார்கள், சிறிய அளவில். 1998இல் வெளியான ஓர் ஆய்வில், ஃப்ளூகோனசோலுக்கு அடங்காத வாய்ப்பூஞ்சை வந்த 13 எய்ட்ஸ் நோயாளிகளுக்கு டீ ட்ரீ எண்ணெய்க் கரைசலை 15 மி.லி. வீதம் தினம் நான்கு வேளை கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். நான்கு வார முடிவில் கணக்கில் எடுக்க முடிந்த 12 பேரில் 8 பேருக்குப் பலன், அதில் 2 பேருக்கு முழுமையாகக் குணம். மருந்தே கைவிட்டவர்களிடம் இது சாதாரண விஷயமில்லை. ஆனால் ஒப்பிட இன்னொரு குழு அதில் இல்லை, 13 பேர்தான்.

2003இல் பிரேசிலில் பல் செட்டால் வந்த பூஞ்சைக்கு மாதுளைக் களிம்பையும் மைக்கோனசோல் என்ற பூஞ்சை மருந்துக் களிம்பையும் 60 பேரிடம் ஒப்பிட்டார்கள், ஆளுக்கு 15 நாள். மைக்கோனசோல்தான் முந்தியது, மாதுளையும் வெறுங்கையாக நிற்கவில்லை. தாவரக் களிம்புகளை வைத்து நடந்த மற்ற ஆய்வுகளும் இதே மாதிரிதான், சில டஜன் பேர், சில வாரம். நூற்றுக்கணக்கானவர்களை வைத்து, மாதக்கணக்கில் பின்தொடர்ந்து, திரும்ப வருகிறதா என்று பார்க்கிற ஆய்வுதான் தேவை. அதற்குப் பணம் போட ஆள் வருவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் பூண்டுக்கும் கிராம்புக்கும் காப்புரிமை வாங்க முடியாது.

பூண்டை நசுக்கி வாயில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பூண்டின் வேலையைச் செய்வது அல்லிசின். முழுப் பல்லில் அது இல்லை, நசுக்கும்போதுதான் ஒரு நொதி அதை உண்டாக்குகிறது, உண்டானதும் சிதையத் தொடங்கிவிடுகிறது. பொடியாக்கியதிலும் சமைத்ததிலும் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. பச்சையாக நசுக்கியதைப் புண்ணான தோலில் வைத்தால் சூட்டுக்காயம் போலப் பொத்துவிடும். வாயில் வெள்ளைக்காக வந்து, பூண்டுப் புண்ணையும் சேர்த்துக் காட்டியவர்கள் உண்டு.

மஞ்சள்?

குர்குமின் தண்ணீரில் கரையாது, குடித்தால் இரத்தத்தில் ஏறுவது மிகக் குறைவு. அதனால் மஞ்சளைக் குடித்து வாய்ப்பூஞ்சை போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் குர்குமினுக்கு இன்னொரு முகம் இருக்கிறது: நீல ஒளி பட்டால் அது வீரியமான ஆக்சிஜனை உண்டாக்கி அருகிலிருக்கும் பூஞ்சையைக் கொல்கிறது. பல் செட்டிலும் அண்ணத்திலும் குர்குமினைப் பூசி, நாங்கள் பல் அடைக்கப் பயன்படுத்துகிற அதே வகை நீல விளக்கைக் காட்டும் முறையை ஆராய்கிறார்கள். இதை நான் ஆவலோடு கவனித்து வருகிறேன். வீட்டில் செய்கிற காரியமில்லை.

தேங்காய் எண்ணெய்?

அதிலிருந்து பிரியும் லாரிக், கேப்ரிலிக் அமிலங்கள் ஆய்வகத்தில் கேண்டிடாவை அடக்குகின்றன. எண்ணெயாக இருக்கும்போது அவை பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கின்றன. கொப்பளித்துத் துப்பினால் கெடுதல் இல்லை, வறண்ட வாய்க்கு இதமாகவும் இருக்கும், அதை நம்பி மருந்தை நிறுத்தாத வரை எனக்கு ஆட்சேபணை கிடையாது.

கிராம்பு எண்ணெயோ டீ ட்ரீ எண்ணெயோ நேராகத் தடவினால் என்ன ஆகும்?

செறிவான நறுமண எண்ணெயைக் கலக்காமல் வாயில் தடவாதீர்கள், விழுங்கவே விழுங்காதீர்கள். 5 முதல் 10 மி.லி. கிராம்பு எண்ணெய் குடித்துவிட்ட சிறு குழந்தைக்கு வலிப்பும் ஆழ்மயக்கமும் வந்து ஈரல் பாதிக்கப்பட்டது மருத்துவப் பதிவில் இருக்கிறது. டீ ட்ரீ எண்ணெய் உள்ளே போனால் தள்ளாட்டம், குழப்பம், நினைவிழப்பு வரை போகும். அந்தச் சின்னப் புட்டி குழந்தைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. லவங்கப்பட்டைச் சத்து ஒவ்வாமையால் வாய் முழுக்கச் சிவந்து வெள்ளைத் திட்டு வரவழைக்கும், அதைப் பூஞ்சை அதிகமாகிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தடவினால் கேட்கவே வேண்டாம்.

கைக்குழந்தைக்கு வந்திருக்கிறது. இயற்கையாக ஏதாவது?

எதுவும் வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், நிஸ்டாடின் சொட்டு மருந்து பெரும்பாலும் போதும். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் மார்புக்காம்பில் வலியோ எரிச்சலோ இருக்கிறதா என்று அதையும் சொல்லுங்கள், இருவருக்கும் சேர்த்து மருந்து தர வேண்டியிருக்கலாம். மைக்கோனசோல் ஜெல்லைக்கூட 4 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தரக் கூடாது, தொண்டையை அடைத்துவிடும் அபாயம் இருக்கிறது. பெர்பெரின் உள்ள செடிகள் பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையை அதிகமாக்கும்.

மருந்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டால் சீக்கிரம் குணமாகுமா?

ஆய்வகத்தில் சேர்த்துப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. கேண்டிடா தன் சவ்வில் குட்டி மோட்டார் மாதிரி சில புரதங்களை வைத்துக்கொண்டு ஃப்ளூகோனசோலை உள்ளே வரவர வெளியே இறைத்துவிடுகிறது. யூஜினால், தைமால் போன்றவற்றைக் கொஞ்சம் சேர்த்தால், அடங்காத ரகமும் குறைந்த ஃப்ளூகோனசோலுக்கே அடங்குவதைக் காண முடிகிறது. ஆனால் எதை எவ்வளவு சேர்த்து மனிதருக்குக் கொடுப்பது என்பது முடிவாகவில்லை.

எதிர்த்திசையிலும் யோசிக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் வாயில் பூசும் மைக்கோனசோல் ஜெல்லால்கூட ஆபத்தான இரத்தக்கசிவுக்கு ஆளாகியிருக்கிறார்கள். பூண்டு, குர்குமின் மாத்திரைகளும் அந்தப் பக்கமே தள்ளும். என்னவெல்லாம் எடுக்கிறீர்கள் என்று, "இது மூலிகைதானே" என விட்டுவிடாமல், முழுதாகச் சொல்லுங்கள்.

மருந்துக்குக் கட்டுப்படாத பூஞ்சை வருகிறது என்கிறார்களே, அதற்காவது செடிகள் உதவுமா?

அங்கேதான் இந்த ஆராய்ச்சியின் அவசரம். 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது, மிக முக்கியமான பிரிவில் கேண்டிடா அல்பிகன்ஸும் அதன் உறவான கேண்டிடா ஆரிஸும் இருக்கின்றன. வாயில் வரும் கேண்டிடா க்ரூசி இயல்பாகவே ஃப்ளூகோனசோலுக்கு அடங்காது, க்ளாப்ராடா பாதி அடங்கும் பாதி அடங்காது. வாய்ப்பூஞ்சைக்கு நம்மிடம் இருக்கும் மருந்து வகைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சவ்வை நேராகத் தாக்குகிற பொருட்கள் அந்த மோட்டார்களைப் பற்றிக் கவலைப்படாமல் வேலை செய்வதால் நம்பிக்கை தருகின்றன.

பல் செட் போட்டிருக்கிறேன். மருந்து போட்டாலும் திரும்பத் திரும்ப வருகிறது.

பூஞ்சை உங்கள் அண்ணத்தில் மட்டும் இல்லை, செட்டிலும் இருக்கிறது. செட்டைக் கழற்றி, அண்ணத்தில் ஒட்டும் பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் அதுதான் அந்தப் படலம். அக்ரிலிக் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் உள்ளே நுண்ணிய துளைகள் நிறைய, ஈஸ்ட் அங்கே குடியிருக்கிறது. தினமும் தேய்த்துக் கழுவுங்கள், இரவில் கட்டாயம் கழற்றுங்கள், உங்கள் பல் மருத்துவர் சொல்லும் கரைசலில் ஊற வையுங்கள். உலோகக் கம்பி உள்ள செட்டை குளோரின் கரைசலில் போடக் கூடாது. பொருத்தம் தளர்ந்திருந்தால் புதிது செய்ய வேண்டும்.

தாவரப் பொருட்கள் முதலில் பயனுக்கு வரும் இடம் இதுவாக இருக்கும் என்று நினைக்கிறேன். வாய்க்கு வெளியே, டம்ளரில், உமிழ்நீர் இல்லாமல், இரவு முழுக்க ஊறுகிறது. தோல் எரியும் கவலையும் இல்லை, காலையில் நன்றாக அலசிவிட்டால் போதும். தைம், டீ ட்ரீ, லவங்கப்பட்டை எண்ணெய்களை இப்படிச் சோதித்து வருகிறார்கள்.

தைமால் இருக்கிற மவுத்வாஷ் போதுமா?

போதாது. லிஸ்டரின் போன்றவற்றில் தைமால் 0.064 சதவீதம், ஈறு அழற்சிக்கும் பல்படலத்துக்கும் என்று வடிவமைத்தது. ஆல்கஹால் உள்ள வகை ஏற்கெனவே எரிகிற, வறண்ட வாயை இன்னும் எரிய வைக்கும்.

அப்படியானால் இப்போது என்ன சிகிச்சை எடுப்பது?

லேசானதற்கு நிஸ்டாடின் திரவமோ க்ளோட்ரிமசோல் வில்லையோ, 7 முதல் 14 நாள். நிஸ்டாடினை உடனே விழுங்காமல் முடிந்தவரை வாயில் சுழற்றி வைத்திருங்கள், உடனே தண்ணீர் குடித்தால் அதுவும் உமிழ்நீரோடு போய்விடும். அதிகமாக இருந்தால் ஃப்ளூகோனசோல் மாத்திரை. வெள்ளை மறைந்ததும் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. இன்ஹேலர் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழாய்) வைத்து எடுத்தால் இன்னும் நல்லது.

எப்போது உடனே ஓட வேண்டும்?

விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால், பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம், அன்றே காட்டுங்கள். காய்ச்சல் இருந்தால், கீமோ நடந்துகொண்டிருந்தால், இரண்டு வார மருந்துக்கும் குறையாவிட்டால் காத்திருக்க வேண்டாம். எந்தக் காரணமும் தெரியாமல் நடுத்தர வயதில் திடீரென்று வந்தால் சர்க்கரையும் எச்ஐவியும் பரிசோதித்துவிடுங்கள். சர்க்கரை இருப்பதே வாயில் படிந்த வெள்ளையைக் காட்ட வந்த அன்றுதான் சிலருக்குத் தெரிகிறது.